அழகரைக் கேட்காமல் வாங்கிய ட்ரில்

2 ஓகஸ்ட் 2025, சனி

போதும். மூன்று வருடமும் ஆறு மாதமும் வாயை மூடிக்கொண்டு இருந்தாயிற்று. இனி எழுதியாவது தீர்க்க வேண்டும். இல்லாவிட்டால் டாக்டர் இரத்த அழுத்த மாத்திரையை இரண்டாக்கிவிடுவார்.

அழகர் என் மனைவி கலாராணியின் தம்பி. கூரை வேலைக்காரன். ஹாலிஎலயிலிருந்து அப்புத்தளை வரை எந்தத் தேயிலைத் தோட்டத்தில் தகரம் பறந்தாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். எங்கள் வீட்டுக் கூரையும் அவன் போட்டதுதான். 2022 பெப்ரவரியில் வீட்டுக்குப் பால் காய்ச்சிய அன்று, கடைசி ஸ்க்ரூவை வீட்டுக்காரர் கையால் முடுக்கட்டும் என்று என்னை ஏணியில் ஏற்றிவிட்டான். நான் முடுக்கினேன். அது இறங்கவில்லை. அறுபது பேருக்குக் கேட்கிற மாதிரி கீழேயிருந்து சொன்னான்:

"சேருக்கு ஸ்க்ரூவ எந்தப் பக்கம் திருப்புறதுன்னே தெரியலயே! புள்ளைங்களுக்கு என்னத்தத்தான் படிச்சுக் குடுக்குறாரோ!"

அறுபது பேரும் சிரித்தார்கள். பாயாசம் ஊற்றிக்கொண்டிருந்த கலாராணியும் சிரித்தாள். பாயாசம் சிந்துகிற அளவுக்குச் சிரித்தாள். அதையும் நான் மறக்கவில்லை.

நான் பௌதிகவியல் சிறப்புப் பட்டதாரி. இருபத்தாறு வருடமாக உயர்தர வகுப்புக்கு முறுக்கம், அதாவது திருப்பும் திறன், படிப்பிக்கிறேன். அன்று நான் திருப்பியது சரியான பக்கம்தான். ஏணியில் நின்ற கோணத்தில் மேல் கீழ் மாறித் தெரிந்தது. இதைப் படம் வரைந்து மூன்று பக்கத்தில் நிறுவி வைத்திருக்கிறேன். யாரும் வாசிக்கக் கேட்கவில்லை.

அன்றிலிருந்து அவனோடு பேச்சில்லை. அவன் வீடு நாற்பது அடி தள்ளி. கோயிலில் எதிரே வந்தால் நான் கோபுரத்தைப் பார்ப்பேன். எங்கள் கோயில் கோபுரத்தில் எத்தனை பொம்மைகள் என்று கேட்டால் இந்தத் தோட்டத்தில் சரியாகச் சொல்லக்கூடியவன் நான் ஒருவன்தான்.

இப்போது இதையெல்லாம் எழுதக் காரணம்: மகள் தர்மிளாவுக்கு செப்டெம்பர் நான்கில் கல்யாணம்.

3 ஓகஸ்ட், ஞாயிறு

கலாராணி காலையிலேயே தொடங்கிவிட்டாள். பந்தலின் முதல் காலைத் தாய்மாமன் நட வேண்டுமாம். அதற்கு நான் வெற்றிலைத் தட்டோடு அவன் வாசலுக்குப் போய் வாயால் அழைக்க வேண்டுமாம்.

"கார்ட அனுப்புறேன்," என்றேன்.

"கார்ட அனுப்ப அவன் என்ன வங்கி மேனேஜரா? என் தம்பிங்க. நீங்க போய்க் கூப்பிட்டாத்தான் வருவான்."

"வராவிட்டால்?"

"மாமன் கை படாத பந்தல்ல நான் என் மகள உக்கார வைக்க மாட்டேன்."

மத்தியானம் முழுக்க யோசித்தேன். வழி கிடைத்துவிட்டது. பந்தலே போடப்போவதில்லை. முற்றத்தில் இரும்புக் குழாய் நிறுத்தி, தகரம் போட்டு, நிரந்தரமாக ஒரு முன்கூரை. முன்கூரைக்குத் தாய்மாமன் தேவை என்று எந்தச் சாஸ்திரத்திலும் இல்லை. அதை என் கையாலேயே போடுவேன். ஒரு ஸ்க்ரூ விடாமல்.

இதைக் கேட்ட தர்மிளா, "அப்பா, நம்மகிட்ட சுத்தியல் கூட இல்லியேப்பா," என்றாள்.

உண்மைதான். முதலில் ஆயுதம் வாங்க வேண்டும்.

5 ஓகஸ்ட், செவ்வாய்

பாடசாலை விட்டதும் பதுளை. பஸ் நிலையத்துக்கு மேலே ஷாமிலின் ஹாட்வெயார் கடை. ஷாமில் நல்ல பையன், ஆனால் விற்கிற பொருளின் பௌதிகம் தெரியாது. நான்கு பெட்டிகளை மேசையில் அடுக்கினான். ஒன்றில் 20 வோல்ட். ஒன்றில் 21. ஒன்றில் 48. கடைசியில் சிவப்பு நிறத்தில் ஒன்று, 128 வோல்ட்!

"இதுதான் சேர் இப்ப எல்லாரும் எடுக்கிறது. நூத்தி இருவத்தெட்டு. சிங்கம் மாதிரி ஈக்கி."

நான் பற்றரியை வாங்கி மூடியின் இடுக்கு வழியாகப் பார்த்தேன். உள்ளே ஐந்து கலங்கள். ஒரு கலத்துக்கு 3.6. ஐந்துக்கு 18. முழுதாகச் சார்ஜ் ஏறினால் 21. 20 என்பதும் 21 என்பதும் ஒரே பிள்ளைக்கு வைத்த இரண்டு செல்லப் பெயர். 128 என்பது பெயர்கூட இல்லை, பொய். இதைக் கடையின் நடுவில் நின்று அரை மணித்தியாலம் விளக்கினேன். சீமெந்து வாங்க வந்தவர்களும் கேட்டார்கள். ஒருவர் குறிப்பெடுத்தார். அவர் சாமான் பட்டியல் எழுதியிருக்கவும் கூடும்.

"சேர் செல்றது செரிதான்," என்றான் ஷாமில். "அப்ப எதத்தான் எடுக்கிறீங்க?"

"யோசிக்க வேண்டும்."

6 ஓகஸ்ட், புதன்

யோசித்தேன். அட்டவணை போட்டேன். முறுக்கம், சுழற்சி வேகம், நிறை, மோட்டாரில் பிரஷ் உண்டா இல்லையா. பிரஷ் இல்லாததுதான் நல்லது. தேய்வதற்கு ஒன்றுமில்லை. என்னைப் போல.

கலாராணி எட்டிப் பார்த்தாள். "ரெண்டு மெஷின் எதுக்கு? ஒண்ணு போதாதா?"

"ட்ரில் என்பது துளை போட. இம்பேக்ட் டிரைவர் என்பது ஸ்க்ரூ இறக்க. ட்ரில்லின் முறுக்கம் அறுபது என்றால் இதற்கு நூற்றி எண்பது. எப்படி என்றால், உள்ளே ஒரு சின்னச் சுத்தியல் இருந்து, இறுகிய ஸ்க்ரூவை நிமிடத்துக்கு மூவாயிரம் தடவை தட்டும்."

"தட்டிக்கிட்டே இருக்குமா?"

"தட்டிக்கொண்டே இருக்கும்."

"இறுகினத எளக்குறதுக்கு ஒரு தட்டு வெத்தலையும் போதும்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

8 ஓகஸ்ட், வெள்ளி

போயா, பௌர்ணமி விடுமுறை. கடை பூட்டு. காற்று தொடங்கிவிட்டது. இந்தப் பக்கத்துக் கச்சான் காற்றுக்கு ஓகஸ்டில் பைத்தியம் பிடிக்கும். எதிர் லயத்து வரிசை வீடுகளில் ஒரு தகரம் நாள் முழுக்க தடார் தடார் என்று அடித்தது. அழகர் ஏறி அதை இறுக்கினான். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பார்க்கவில்லை. தற்செயலாகக் கண்ணில் பட்டது.

9 ஓகஸ்ட், சனி

வாங்கிவிட்டேன். நீலப் பெட்டி. ஷாமில் உள்ளேயிருந்து எடுத்து வந்த ஐந்தாவது. 18 வோல்ட் என்று நேர்மையாக எழுதியிருந்த ஒரே பெட்டி அதுதான். பற்றரி இரண்டு, சார்ஜர், ட்ரில், இம்பேக்ட் டிரைவர். கையில் எடுத்தால் நல்ல கனம். இரண்டுக்கும் முன்னால் சின்ன வெளிச்சம் வேறு.

"சேர், ஓட்டுற விதத்தக் காட்டித்தரவா?" என்றான் ஷாமில்.

நான் ஒரு பார்வை பார்த்தேன். அவன் பெட்டியை மூடினான்.

10 ஓகஸ்ட், ஞாயிறு

வழிமுறைப் புத்தகம் ஒன்பது மொழியில் இருக்கிறது. தமிழ் இல்லை. ஒன்பது மொழியில் அச்சடித்தவனுக்குப் பத்தாவது மொழிக்கு மை தீர்ந்துவிட்டதா? ஆகவே நான் அதைப் படிக்கவில்லை. முடியாமல் அல்ல. கொள்கை.

முதலில் ட்ரில் இயங்கவே இல்லை. விசையை எவ்வளவு அமுக்கியும் சத்தமில்லை. தடவிப் பார்த்ததில், விசைக்கு மேலே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளுகிற சின்னப் பொத்தான் ஒன்று. நடுவில் நின்றது. வலப்பக்கம் தள்ளினேன். வலம் என்றால் வலஞ்சுழி. இதற்குப் புத்தகம் வேண்டுமா? உடனே உயிர் வந்துவிட்டது! டிரைவரிலும் அதே பொத்தான், அதே பக்கம், அதே விளைவு. ஒரு பரிசோதனையை மீளச் செய்து உறுதிப்படுத்துவது என்பது இதுதான்.

தர்மிளா கை தட்டினாள். நன்றாக இருந்தது.

11 ஓகஸ்ட், திங்கள்

பாடசாலை விடுமுறை. காலை எட்டு மணிக்கு வேலை ஆரம்பம். சுவரில் குழாயைப் பொருத்த முதல் துளை.

மதியம் பன்னிரண்டு. சுவர்ப் பூச்சில் அழகான ஒரு வட்டம். ஆழம் ஒரு சோற்றுப் பருக்கை.

12 ஓகஸ்ட், செவ்வாய்

இன்று இரும்புக் குழாயில் முயன்றேன். புகை வந்தது. துளை போடும் முனை, அதாவது பிட், நீலமாகியது. குழாய் பளபளவென்று ஆகிவிட்டது. முகம் பார்க்கலாம். பிறகு பிட் தானாகவே கழன்று என் காலில் விழுந்தது.

டிரைவரில் கூரை ஸ்க்ரூவைப் பொருத்தி தகரத்தில் வைத்து அமுக்கினேன். பதினைந்து ஸ்க்ரூ. ஒன்றும் கடிக்கவில்லை. எல்லாம் ஐஸ் மேல் நிற்கிற மாதிரி நின்று சுற்றிவிட்டு விழுந்தன.

அந்த நேரம் பார்த்து அழகர் ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு வேலியோரம் போனான். நின்றான். பார்த்தான். வாயைத் திறந்தான். பிறகு மூடிக்கொண்டு போய்விட்டான்.

என்ன சொல்ல வந்தான்? — சொல்லட்டுமே! இன்னொரு அறுபது பேரைக் கூட்டிக்கொண்டு வந்து சொல்லட்டும்!

13 ஓகஸ்ட், புதன்

பழுதடைந்த மோட்டார். வேறு விளக்கமே இல்லை. இரண்டு இயந்திரத்திலும் ஒரே பழுது. ஒரே தொழிற்சாலை, ஒரே அலட்சியம்.

14 ஓகஸ்ட், வியாழன்

ஷாமிலின் கடைக்கு இணையத்தில் ஒரு பக்கம் இருக்கிறது. அங்கே ஒரு நட்சத்திரம் கொடுத்து, முழுப் பெயர், பட்டம், சேவைக் காலம் எல்லாம் போட்டு எழுதிவிட்டேன். பிரதி இங்கே:

"இவ்வியந்திரங்களின் முறுக்கம் பெட்டியில் குறிக்கப்பட்ட பெறுமானத்தின் நூறில் ஒரு பங்கும் இல்லை என்பதைப் பரிசோதனை மூலம் நிறுவியுள்ளேன். ஆகவே, இவை துளையிடும் கருவிகள் அல்ல, மெருகூட்டும் கருவிகள். ஆகவே, நுகர்வோர் விழிப்பாயிருக்க."

ஒரு மணித்தியாலத்தில் நாற்பத்தொரு பேர் பார்த்துவிட்டார்கள். ஷாமில் ஆறு தடவை போன் எடுத்தான். நான் எடுக்கவில்லை. பிறகு வட்ஸ்அப்பில் ஏதோ அனுப்பினான். திறக்கவில்லை. மன்னிப்புக் கேட்கிறவர்களைக் கொஞ்சம் காக்க வைப்பது என் வழக்கம்.

16 ஓகஸ்ட், சனி

குழாய் ஆறும் தகரம் பன்னிரண்டும் முற்றத்தில் கிடக்கின்றன. நாய் அதன் மேல் படுக்கிறது. கல்யாணத்துக்குப் பத்தொன்பது நாள்.

17 ஓகஸ்ட், ஞாயிறு

இன்று கலாராணி சண்டை பிடிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது. தர்மிளா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, நான் சின்னதுல காது குத்துறப்ப யார் மடியில உக்காந்தேன்?"

தெரிந்த கேள்வி. அழகர் மடியில். அழுதது அவளைவிட அவன்தான்.

"மாமா இல்லாம நான் மணவறைக்கு வர மாட்டேன்ப்பா. உங்க மேல கோவமில்ல. ஆனா வர மாட்டேன்."

கோபத்தோடு சொல்லியிருந்தால் பதில் வைத்திருந்தேன். கோபமில்லாமல் சொல்கிற பிள்ளைக்கு என்ன சொல்வது? மாப்பிள்ளை வீட்டார் மொனராகலையிலிருந்து வியாழக்கிழமை ஏற்பாடு பார்க்க வேறு வருகிறார்கள். முற்றத்தில் நாயும் தகரமும்.

போகிறேன். மகளுக்காகப் போகிறேன். அவனுக்காக இல்லை. இதை இங்கே எழுதி வைக்கிறேன், பின்னால் யாரும் மாற்றிச் சொல்லக் கூடாது.

19 ஓகஸ்ட், செவ்வாய்

நாற்பது அடி தூரம். தட்டில் வெற்றிலை, பாக்கு, தேங்காய், மேலே கல்யாணப் பத்திரிகை. லயத்து வாசல்கள் எல்லாவற்றிலும் ஆட்கள். இத்தனை பேருக்கு இன்றைக்கு வேலை இல்லையா?

என்ன பேசுவது என்று நான்கு வாக்கியம் மனப்பாடம் செய்திருந்தேன். கதவு திறந்ததும் நான்கும் போய்விட்டன. "தர்மிளாவுக்குக் கல்யாணம்," என்றேன். மூன்றரை வருடத்தில் அவனிடம் நான் சொன்ன முதல் சொல். அவனுக்குத் தெரியாத செய்தியா?

அழகர் கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் தட்டை வாங்கினான்.

"வாங்க மச்சான், உள்ள வாங்க. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க."

குடித்தேன். சீனி அதிகம். குறை சொல்லவில்லை.

"வேலைய எப்ப தொடங்கலாம் மச்சான்?"

"வியாழன்."

"மெஷின் இருக்கா, நம்மளுத கொண்டாரவா?"

இந்தக் கேள்விக்கு ஒரு சிரிப்பு ஒட்டியிருக்கிறதா என்று அவன் முகத்தை நன்றாகப் பார்த்தேன். இல்லை.

"இருக்கிறது. பழுது."

"சரி, பாப்போம்."

21 ஓகஸ்ட், வியாழன்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

காலை ஒன்பதுக்கு சம்பந்தி வந்துவிட்டார், கூடவே நான்கு பேர். முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். லயத்திலிருந்தும் கூட்டம். அழகர் மஞ்சள் பூசிய முதல் குழாயைக் குழியில் நிறுத்தினான். கலாராணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் அதை முன்கூரைத் தூண் என்றேன். யாரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் அது பந்தல்கால்தான்.

பிறகு அவன் நீலப் பெட்டியைத் திறந்தான். அப்போது பார்த்து சம்பந்தி வாயைத் திறந்தார்.

"சம்பந்தி, நீங்கதானே இந்த மெஷின் சரியில்லன்னு நெட்டுல போட்டிருந்தீங்க? எங்க ஊர்ல எல்லாரும் பாத்தாங்க. படிச்சவரு எழுதுனா சும்மாவா, நானும் வாங்க இருந்தத நிப்பாட்டிட்டேன்."

எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. சரியாக நான்கு வினாடி.

அழகர் ட்ரில்லைக் கையில் எடுத்தான். பிட்டை இறுக்கினான். விசைக்கு மேலே பார்த்தான். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தான். கட்டைவிரல் அந்தப் பொத்தானை வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம் தள்ளியது. 'டிக்.' அந்தச் சத்தம் எனக்கு மட்டும்தான் கேட்டது. பதுளை வரைக்கும் கேட்டது போலவும் இருந்தது.

சுவரில் வைத்தான். ட்ரில் வெண்ணெய்க்குள் போகிற மாதிரி உள்ளே போனது.

பின்பக்கம். நான் இரண்டு நாள் பின்பக்கமாகச் சுற்றியிருக்கிறேன். முறுக்கம் படிப்பிக்கிற நான். ஸ்க்ரூ எந்தப் பக்கம் திருப்புவது என்று — ஐயோ, அம்மா தாயே.

"என்னங்க, நல்லாத்தானே ஓடுது?" என்றார் சம்பந்தி.

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் கோபுரத்தைத் தேடினேன். வீட்டில் ஏது கோபுரம்? இப்போது சொல்லப்போகிறான். ஐம்பது பேராவது இருப்பார்கள். சம்பந்தி வேறு. 2022-ஐ விட நல்ல சபை.

அழகர் பற்றரியைக் கழற்றித் தடவிப் பார்த்தான்.

"பேட்டரி சூடேறினா இப்பிடித்தாங்க மக்கர் பண்ணும். மச்சான் ஒரேயடியா வேல பாத்திருக்காரு. ஒரு வாரமா ஆற வச்சாரில்ல, சரியாயிருச்சு."

அவ்வளவுதான். அடுத்த துளைக்குப் போய்விட்டான்.

பௌதிகவியல்படி அது சுத்த அபத்தம். வகுப்பில் யாராவது அப்படி எழுதியிருந்தால் பூச்சியம் போட்டிருப்பேன். நான் தலையை ஆட்டி, "ஆமாம், வெப்பம்தான்," என்றேன்.

22 ஓகஸ்ட், வெள்ளி

ஷாமிலின் வட்ஸ்அப்பை இன்றுதான் திறந்தேன். பதினான்காம் தேதி அனுப்பியிருக்கிறான்: "சேர், கோவிக்க வாணாம். டிரிகருக்கு மேல சின்ன பட்டன் ஒண்டு ஈக்கி. அத மத்தப் பக்கம் தள்ளிப் பாருங்கொ."

மத்தப் பக்கம்.

மூன்றரை வருடக் கோபம். ஒழுங்காகப் பராமரித்து வைத்திருந்தது. இனி அதை எங்கே வைப்பது? கோபித்துக்கொள்ள அவன் ஒன்றுமே மிச்சம் வைக்கவில்லையே. இதற்குப் பதில் அவன் என்னைக் கேலியே செய்திருக்கலாம்.

24 ஓகஸ்ட், ஞாயிறு

தகரம் முடிந்தது. கடைசி ஒரு ஸ்க்ரூ மிச்சம். அழகர் கூரை விளிம்பிலிருந்து எட்டிப் பார்த்தான்.

"மச்சான், வாங்க. வீட்டுக்காரர் கையால."

ஏறினேன். பாதி ஏறியதும் திரும்பிப் பார்த்தேன். கீழே கலாராணி, தர்மிளா, லயத்து ஆட்கள். அழகர் டிரைவரை என்னிடம் நீட்டினான். நீட்டுவதற்கு முன் கட்டைவிரல் தன்பாட்டில் அந்தப் பொத்தானைத் தடவிச் சரி பார்த்தது. நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

அமுக்கினேன். உள்ளே அந்தச் சின்னச் சுத்தியல் தடதடவென்று தட்டியது. ஸ்க்ரூ இறங்கி உட்கார்ந்தது.

"சேருக்குக் கை வந்துருச்சு!" என்று கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள். கலாராணிதான் அதிகம் சிரித்தாள். இதைப் பட்டியலில் சேர்க்கவில்லை.

4 செப்டெம்பர், வியாழன்

முடிந்தது. தாலி ஏறுகிற நேரம் பார்த்து அப்படி ஒரு காற்று. கோயில் பக்கத்துப் பந்தல் துணி பறந்து தேயிலைக்குள் போனதாம். எங்கள் தகரம் ஒன்றுகூட முனகவில்லை. தர்மிளா மாமன் தோளைப் பிடித்துக்கொண்டு மணவறைக்கு வந்தாள். அவன் இந்த முறையும் அவளைவிட அதிகம் அழுதான். நான் அழவில்லை. தூசி.

ஷாமிலும் வந்திருந்தான். சோறு போட்டுக்கொண்டே, "வியாபாரம் எப்படி?" என்று கேட்டேன்.

"அல்ஹம்துலில்லாஹ் சேர். நீலப் பெட்டி மட்டும் கொஞ்சம் ஓடுதில்ல."

என் பக்கம் பார்க்காமல்தான் சொன்னான். அவன் இலையில் இன்னொரு வடை வைத்தேன்.

6 செப்டெம்பர், சனி

வீடு வெறிச்சோடிக் கிடக்கிறது. அழகர் காலையில் வந்து டிரைவரை இரவல் வாங்கிக்கொண்டு போனான். ட்ரில்லையும் கொண்டுபோ என்றேன்.

அந்த ஒரு நட்சத்திரத்தை அழித்துவிட்டேன். அழித்தால் மட்டும் போதாது. காலையிலிருந்து புதிதாக ஒன்று எழுதியிருக்கிறேன்:

"ஐந்து நட்சத்திரம். கடைக்காரர் நேர்மையானவர். இயந்திரங்களில் பழுது ஏதுமில்லை. வழிமுறைப் புத்தகத்தில் தமிழ் இல்லாமையால், வாங்குவோர் நலன் கருதி இங்கே தருகிறேன்: விசைக்கு மேலுள்ள பொத்தான் நடுவில் நின்றால் இயந்திரம் உறங்கும். வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம் தள்ளினால் முன்னோக்கிச் சுற்றும். மறுபக்கம் தள்ளினால் பின்னோக்கிச் சுற்றும். அது கழற்றுவதற்கு மட்டுமே. பட்டம் பெற்றவர்களும் இதை ஒரு தடவை பார்த்துக்கொள்வது நல்லது. ஆகவே, சந்தேகம் இருந்தால் கூரை வேலை தெரிந்த உறவினரை நேரில் போய்க் கேட்கவும்."

கலாராணி தோளுக்கு மேலால் வாசித்தாள்.

"பேர் போடலியா?"

"பெயர் வெளியிட விரும்பாதவர் என்று போட ஒரு இடம் இருக்கிறது."

"போடாட்டியும் தெரியும். 'ஆகவே'ன்னு இந்தப் பதுளையில வேற யாரு எழுதுறா?"

ஒரு நிமிடம் யோசித்தேன். 'ஆகவே'யை எடுத்துவிடலாம். எடுக்கவில்லை. தெரிகிறவர்களுக்குத் தெரியட்டும். ஆனால் கையெழுத்துப் போட மாட்டேன். அதற்கு இன்னும் கொஞ்ச நாள் ஆகும்.

பெயரில்லாமலே போடுகிறேன்.